இரண்டாவது விண்ணப்பம்

செய்தி வந்தபோது டைல்ஸ்காரர் ஒரு குளியலறைத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார். பலபேர் நிமிர்ந்து நின்று சம்பாதிக்கிறார்கள். அவர் இருபத்திரண்டு வருஷமாக மண்டியிட்டுச் சம்பாதிக்கிறார். இரண்டு முழங்காலிலும் பழைய டயர் ரப்பரை வெட்டிக் கட்டியிருப்பார். பல்லு வைத்த கரண்டியால் பசையை வரிவரியாக இழுத்து, கல்லைப் படுக்க வைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பார். அடியில் காற்று நின்றிருந்தால் சத்தம் பசித்தவன் பேச்சு மாதிரி வரும். யாரும் சொல்லாமலே கல்லைப் பெயர்த்து மறுபடி வைப்பார்.

கட்டி முடியாத வீடு அது. மூன்றாவது மாடி. மின்விசிறி மாட்ட வேண்டிய இடத்தில் வயர் மட்டும் தொங்கியது. வெயில் மொட்டைமாடியிலிருந்து சுவர் வழியாக இறங்கி, குளியலறைக்குள் ஆள் மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. சட்டையைக் கதவுக் கொக்கியில் மாட்டியிருந்தார். பையில் போன், பிளாஸ்டிக் உறைக்குள்.

'டிங்' என்றது.

வேறு சமயமானால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இந்த ஒன்றரை மாசமாக எந்தப் போன் எங்கே 'டிங்' என்றாலும் அவர் முதுகு நிமிர்ந்துவிடும்.

"பாலிஷ்காரரே, கை பூரா பசை. போனை எடுத்து என்னன்னு பாரும்."

வெளிவராந்தாவில் கல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த பாலிஷ்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். தலை, புருவம், மூக்கு எல்லாம் வெள்ளைத் தூள்.

"யோவ் எக்ஸ்ட்ரா, கம்பெனிக்காரன் 'ரீசார்ஜ் பண்ணு'ன்னு அனுப்பியிருப்பான். அதுக்கு எதுக்குய்யா இந்தப் பதட்டம்?"

"எடுத்துத்தான் பாருமேன்."

பாலிஷ்காரர் போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "தங்கள் மகளின் பெயரில் இரண்டு விண்ணப்பங்கள் பதிவாகியுள்ளன. ஒருவருக்கு ஒரு விண்ணப்பம் என்ற விதியின்படி இரண்டும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. மாணவியும் பாதுகாவலரும் நாளை மாலை நான்கு மணிக்குள் உதவித்தொகை அலுவலகத்துக்கு நேரில் வராவிடில் இரண்டும் நிராகரிக்கப்படும்." படித்து முடித்துத் தலையை ஆட்டினார். "கழுத்தை அறுக்கும்போதும் 'தங்கள்'னு மரியாதையாத்தான்யா அறுக்கிறான்."

டைல்ஸ்காரர் கல்லைக் கீழே வைக்க மறந்தார். கையிலிருந்த கல்லிலிருந்து பசை சொட்டியது.

"அதென்ன ரெண்டு விண்ணப்பம்? உனக்கு ஒரு பொண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"பின்னே?"

"ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டேன்."

பாலிஷ்காரர் அவரையே பார்த்தார். பிறகு தூள் பறக்கத் தலையில் கைவைத்துச் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார்.

'எக்ஸ்ட்ரா' என்ற பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. நூறு கல் போதும் என்கிற தரைக்கு நூற்றுப்பத்து வாங்கச் சொல்வார். வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். "வெட்டும்போது உடையும், தூக்கும்போது உடையும், நாளைக்குக் குழாய் ஒழுகிப் பேத்தா உடையும். அப்போ இதே பெட்டி நம்பர் கடையில கிடைக்காது சாமி. நிறம் மாறிடும். எக்ஸ்ட்ரா வச்சுக்குங்க" என்பார். பத்து வருஷம் கழித்து அதே வீட்டுக்காரர்கள் போன் பண்ணி நன்றி சொன்னதும் உண்டு. அதிலிருந்து அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பையில் தரையின் மட்டம் பார்க்கிற ரசமட்டம் இரண்டு இருக்கும். வீட்டில் இரண்டு அலாரம், ஐந்து நிமிஷ இடைவெளியில் அடிக்கும். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் சாவி இரண்டு.

மகள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். தகுதிப் பட்டியலில் வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் முழுசாக உதவித்தொகை. டைல்ஸ்காரர் அந்தக் காகிதத்துக்கு முன்னால் வேலையுடுப்போடு நின்று, எழுத்துக்கூட்டி, அரைமணி நேரம் படித்தார். அவர் எழுத்துப் படித்ததே முப்பது வயசுக்கு மேலேதான், டைல்ஸ் பெட்டிகளின் மேல் இருந்த எழுத்தை வைத்து. எழுத்து அவர் வீட்டுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. அதனாலேயே அதற்கு உபசாரம் அதிகம், சந்தேகமும் அதிகம்.

அன்றே ஆரம்பித்தார். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் கறுப்பு மையில் ஒரு பட்டியல். எந்தச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில், எத்தனை நாள் ஆகும், யார் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நகல். மகளுக்கு அப்போதே நாலு டஜன் புகைப்படம் எடுத்து உறையில் போட்டு வைத்தார். விண்ணப்பம் போடுகிற காலம் வந்தபோது படத்தில் இருந்தது ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. "இது யாரு, உங்க தங்கச்சியா?" என்று நெட் சென்டர் அம்மா மகளைக் கேட்டார்.

"சரி, கிளம்பு. வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டி பிள்ளைகிட்ட சொல்லு" என்றார் பாலிஷ்காரர்.

"வாளியில அரை வாளி பசை கலந்து கிடக்கு. விட்டா கல்லாயிடும்."

"இந்த நேரத்துலயுமா?"

"நாளைக்கு வேற லீவு போடணுமே."

அரை வாளிப் பசைக்குப் பதினோரு கல் வந்தது. பதினொன்றையும் ஒட்டினார். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். அன்றைக்குக் காதில் எதுவும் விழவில்லை.

*

மனைவிக்கு வேலை சட்டைத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில். நாள் முழுக்க மேஜை விளக்குக்கு அடியில் சட்டைகளை விரித்து, எங்கே தையல் பிரிந்திருக்கிறது, எங்கே பொத்தான் கோணல் என்று பார்த்துச் சிவப்புத் துண்டு ஒட்டுவது. அந்தக் கண்ணை அவள் தொழிற்சாலையில் விட்டுவிட்டு வருவதில்லை.

சோறும் பருப்பும் தட்டில் விழுந்த பிறகுதான் டைல்ஸ்காரர் விஷயத்தைச் சொன்னார். சோறு முன்னால் இருந்தால் எழுந்து போக மாட்டார்கள் என்று கணக்கு.

"விண்ணப்பம் போட்டாச்சு. போய்ச் சேர்ந்ததுன்னு ரசீது வந்தாச்சு. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" என்றாள் மனைவி.

"அன்னைக்குப் பாதியில கரண்ட் போய் வந்துச்சே. திரையில சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சே. ஒருவேளை போகலைன்னா?"

"போயிடுச்சுன்னுதான் காகிதம் வந்துச்சே."

"காகிதம் தப்பா வந்திருந்தா?"

"அப்போ ரெண்டாவதுக்கு வந்த காகிதமும் தப்பா இருந்தா?"

டைல்ஸ்காரர் பருப்பைப் பிசைந்தார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, என்னைப் பாருங்க. மூணாவது ஒண்ணு போட்டிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"இல்லடி."

"நிஜமா?"

"போகலாம்னுதான் இருந்தேன். அன்னைக்கு நெட் சென்டர்ல கூட்டம்."

மகள் சிரிக்கவில்லை. தட்டில் சோற்றைக் குவித்துப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தாள். சுருக்கமாகப் பேசுகிற பிள்ளை. கோபம் வந்தால் இன்னும் சுருங்கும்.

"ஒரே அடையாள நம்பரை ரெண்டு தடவை கம்ப்யூட்டர் ஏத்துக்காதே. எப்படிப் போட்டீங்க?"

"நீ ஸ்கூல் நம்பரைக் குடுத்தே. நான் என் அடையாள அட்டை நம்பரைக் குடுத்தேன்."

"சரியாப் போச்சு. திருட்டுத்தனம்னு நினைச்சிருப்பாங்க."

"திருட்டா? ஒரு சேஃப்டிக்கு…"

"நீங்க மாடிப்படி ஏறும்போதே பின்பக்கம் ஒரு ஏணி சாத்திட்டு ஏறுற ஆளு" என்றாள் மனைவி. "பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு எட்டுப் பேனா குடுத்து அனுப்பினீங்க. ஹால்ல எல்லாரும் கடை போட வந்திருக்கான்னு பார்த்திருக்காங்க."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, மத்ததெல்லாம் நான் போட்ட மாதிரியேதானே போட்டீங்க? காலேஜ், பாடம், எல்லாம்?"

டைல்ஸ்காரர் அப்போது பார்த்து ஒரு பெரிய கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார். "ம்… அதே மாதிரிதான்" என்றார் சோற்றுக்குள்ளிருந்து.

அதே மாதிரி இல்லை.

மகள் கேட்டது நிலவியல். பாறை, மண், பூமிக்கு அடியில் இருப்பது பற்றிய படிப்பு. அந்தக் கல்லூரி ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தது. முதல் நாள் அவள் சொன்னபோது அவர் கேலிதான் பண்ணினார். "கல்லைப் பத்திப் படிக்கவா அவ்வளவு தூரம்? என்கூட வேலைக்கு வா. ஃபீஸே கிடையாது." அதற்கு அவள், "நீங்க ஒட்டுறது கல்லே இல்லப்பா, சுட்ட மண்ணு" என்றாள். இருபத்திரண்டு வருஷம் தூக்கிய சுமைக்கு ஒரு வார்த்தையில் பெயரை மாற்றிவிட்டாளே என்று அவருக்கு வலிக்கவும் செய்தது, பெருமையாகவும் இருந்தது. ஆனால் தூரம் குறையவில்லை. உதவித்தொகை விதிப்படி, பட்டியலில் பெயர் வந்தால் விண்ணப்பத்தில் முதலாவதாக எழுதிய கல்லூரிக்குத்தான் பணம் போகும். அவள் முதலாவதாக எழுதியது அந்த ரயில் தூரக் கல்லூரியை.

மகள் விண்ணப்பம் போட்டு மூன்று நாள் பொறுத்து, வேறொரு தெருவில் வேறொரு நெட் சென்டருக்கு அவர் தனியாகப் போனார். கரண்ட் போன பயம் உண்மைதான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர், "முதல் விருப்பம் எதுங்க?" என்று கேட்டபோது, அவர் வாயிலிருந்து வந்தது மூன்றாவது பஸ் நிறுத்தத்தில் இருக்கிற கல்லூரியின் பெயர். பாடம், வணிகவியல். வேண்டுமென்று யோசித்துச் சொன்னதா, தானாக வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. திருத்தச் சொல்லவும் இல்லை. எக்ஸ்ட்ராதானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

*

உதவித்தொகை அலுவலகம் நாலு மாடி. லிஃப்டில் 'பழுது' என்று அட்டை. கீழே தகவல் மேஜையில், மூன்றாவது மாடி என்றார்கள். மூன்றாவது மாடியில், டோக்கன் கீழேதான் என்றார்கள். கீழே டோக்கன் கொடுக்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். டைல்ஸ்காரருக்கு முழங்கால் இரண்டும் மண்டியிட்டுப் பழகியவை. படியேறப் பழகியவை அல்ல. மகள் முன்னால் ஏறினாள். அவர் பைகளோடு பின்னால் ஏறினார்.

பைகள் இரண்டு. ஒன்றில் அசல், ஒன்றில் நகல்.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த எழுத்தர் அம்மா கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். "பிறப்புச் சான்றிதழ்?" என்றார். டைல்ஸ்காரர் கொடுத்தார். "நகல்?" ஆறு நகல் கொடுத்தார். "ஒண்ணு போதும். மதிப்பெண் பட்டியல்?" அசல், நகல், நகலுக்கு நகல். "புகைப்படம்?" பழைய படம் ஒரு டஜனும் புதுப்படம் ஒரு டஜனும். எது கேட்டாலும் இருந்தது. எழுத்தர் அம்மாவே ஒரு கட்டத்தில், "இவ்வளவு தயாரா வர்ற ஆளு எப்படிங்க ரெண்டு தடவை போட்டீங்க?" என்று கேட்டார்.

"தயாரா இருக்கணும்னுதாம்மா போட்டேன்."

எழுத்தர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே. முதல் விண்ணப்பத்துல முதல் விருப்பம் நிலவியல். ரெண்டாவதுல வணிகவியல், உள்ளூர் கல்லூரி. எதுங்க உங்களுக்கு வேணும்?"

மகள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றி முட்டுகிற அளவு குனிந்து பார்த்தாள். எழுத்தர் அம்மா நல்ல மனசோடு திரையைத் திருப்பிக் காட்டினார். டைல்ஸ்காரர் தரையைப் பார்த்தார். அரசாங்கத் தரை. இடைவெளி ஒன்றுகூட நேராக இல்லை.

"விதி என்னன்னா" என்றார் எழுத்தர் அம்மா, "ரெண்டும் வேற வேறயா இருந்தா பின்னாடி போட்டதுதான் செல்லும். முன்னாடி போட்டது தானா ரத்தாயிடும். நீங்க நேர்ல வந்துட்டீங்க, ஆளு உண்மைன்னு ஆயிடுச்சு. அதனால ஒண்ணும் செய்ய வேணாம். ரெண்டாவதை இப்பவே விடுவிச்சுடலாம்."

"அதுதான் வேணாம்" என்றாள் மகள். 

"அது வேணாம்னா, பின்னாடி போட்டதை ரத்து பண்ணச் சொல்லிப் பாதுகாவலர் கைப்படக் கடிதம் எழுதணும், காரணத்தோட. மாணவி கீழே கையெழுத்துப் போடணும். நாலு மணிக்குள்ள. ஒண்ணேகால்ல இருந்து ரெண்டேகால் வரைக்கும் சாப்பாடு." ஜன்னல் மூடிக்கொண்டது.

இரண்டு பையிலும் நாற்பது நாற்பதாக எல்லாம் இருந்தது. காரணம் மட்டும் இல்லை.

மாடிப்படித் திருப்பத்தில் மகள் நின்றாள். ஜன்னல் வழியே வாகனக் கூச்சலும் வெயிலும் வந்தன.

"நேத்து சோறு தின்னுக்கிட்டே 'அதே மாதிரிதான்'னு சொன்னீங்க."

"பாப்பா, ஒரு ஸ்பேரா இருக்கட்டுமேன்னு…"

"ஸ்பேர்னா அதே பெட்டியில இருந்து எடுக்கணும். வேற பெட்டிக் கல்லை யாராவது கொண்டு வந்து வச்சா நீங்க அவனை உயிரோட விடுவீங்களா? இது ஸ்பேர் இல்ல. நான் போட்ட தரையைப் பேத்துட்டு உங்க இஷ்டத்துக்கு வேற போட்டது."

"அவ்வளவு தூரம் போறே. அங்க காய்ச்சல், தலைவலின்னா யாரு இருக்கா?"

"வணிகவியல் படிச்சா காய்ச்சல் வராதா?"

"எகத்தாளம் பேசாதே. மூணு வருஷமா இதுக்காக அலைஞ்சவன் நான். ஒவ்வொரு ஆபீசுலயும் கால் கடுக்க நின்னவன் நான்."

"எனக்காக அலைஞ்சீங்கன்னு நினைச்சேன்."

அவருக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். போன் அடித்தது. மனைவி. தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளை. பின்னால் நூறு பெண்களின் சத்தமும் டப்பா திறக்கிற சத்தமும்.

"என்னங்க ஆச்சு?"

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். மறைப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. அந்தப்பக்கம் ஒரு டப்பாவை அழுத்தி மூடுகிற சத்தம் கேட்டது.

"பக்கத்துல இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றாள் மனைவி. "மனசுல இருக்கிறதை வீட்டுல வாயைத் திறந்து சொல்லியிருந்தா மூணு பேரும் உட்கார்ந்து ஒரு வாரம் சண்டை போட்டு முடிச்சிருப்போம். நீங்க போய் ஊரான் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லியிருக்கீங்க. பிள்ளை சாப்பிட்டாளா?"

"இல்ல."

"நீங்க?"

"இல்ல."

"நல்லா இருங்க" என்று வைத்துவிட்டாள்.

அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் கோடு போட்ட வெள்ளைத்தாள் விற்றது. ஒன்று போதும். அவர் ஐந்து வாங்கினார். மகள் அதைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து, சான்றிதழ்ப் பையை மடியில் வைத்து அதன் மேல் தாளை வைத்து எழுதினார். அவர் எழுதுவது கல் ஒட்டுவது மாதிரிதான். ஒவ்வொரு எழுத்தையும் வைத்து, தள்ளிப் பார்த்து, அடுத்ததற்கு இடம் விட்டு. பசை ஊறி வெடித்த விரல்களுக்குப் பேனா ரொம்பச் சின்னது. படியேறி இறங்குகிறவர்கள் அவரைத் தாண்டிக்கொண்டு போனார்கள். மகளிடம் நீட்டினார்.

'மதிப்பிற்குரிய ஐயா. என் மகளின் விண்ணப்பம் தவறுதலாக இரண்டு முறை பதிவாகிவிட்டது. இரண்டாவதை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

மகள் படித்தாள். பேனாவை வாங்கவில்லை.

"தவறுதலாவா?"

"ஆபீசுக்கு அப்படித்தான் எழுதணும்."

"தவறுதலா நடந்துச்சுன்னா பழி கம்ப்யூட்டர் மேல போயிடும். கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணலை."

"இப்போ கம்ப்யூட்டருக்காக வக்காலத்தா? மூணு மணி ஆகப்போகுது. கையெழுத்தைப் போடு."

"மாட்டேன்."

"பாப்பா, நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்திட்டா உன் நிலவியலும் போச்சு, எல்லாம் போச்சு."

"போகட்டும்."

"கிறுக்கா உனக்கு? ஒரு வார்த்தைக்காகக் காலேஜையே விடுவியா?"

"இதை என்கிட்டயா கேக்குறீங்க?" என்றாள்.

 இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கத்தலாம் போல இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்; அதனால் கத்தவில்லை. எழுந்து இரண்டு படி இறங்கினார். திரும்ப ஏறினார். சும்மா இருந்தால் போதும். அவள் கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டாவது விண்ணப்பம் தானாகச் செல்லும். எழுத்தர் அம்மாவே சொன்னார். பழி அவள் பிடிவாதத்தின் மேல் விழும். மூன்றாவது பஸ் நிறுத்தத்தில் கல்லூரி. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் பிள்ளை. அவர் விரும்பியது அத்தனையும் இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கைக்கு வந்துவிடும்.

மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணீர் விடவில்லை. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத முகம். கையில் பேனாவை வாங்குவதற்கு விரல்கள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் வாங்கவில்லை.

டைல்ஸ்காரர் உட்கார்ந்தார். இரண்டாவது தாளை எடுத்தார். இந்த முறை எழுத்துக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. அவர் சரிபண்ணவில்லை.

'ஐயா. முதல் விண்ணப்பத்தை என் மகள் போட்டாள். அது சரியாக இருக்கிறது. இரண்டாவதை நான் அவளுக்குத் தெரியாமல் போட்டேன். பக்கத்துக் கல்லூரியை முதலாவதாகச் சொன்னதும் நான்தான். அவள் தூரமாகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் படிக்கப் போவது அவள். என்னுடையதை ரத்து செய்து அவளுடையதை வைத்துக்கொள்ளவும்.'

மகள் இரண்டு தடவை படித்தாள். 'இப்போதும் பிடிக்கவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றது. அதை எடுக்கச் சொல்வாளோ என்று அவர் பார்த்தார். அவள் பேனாவை வாங்கி, கீழே தன் பெயரை எழுதினாள்.

எழுத்தர் அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்க இது? எல்லாரும் 'தவறுதலாக'ன்னு ஒரு வரி எழுதிக் குடுப்பாங்க. நாங்களும் வாங்கிக் கோப்புல போட்டுடுவோம். இப்படி எழுதினா அதிகாரி நாலு கேள்வி கேப்பாரே."

டைல்ஸ்காரர் திரும்பி மகளைப் பார்த்தார், 'கேட்டியா?' என்கிற மாதிரி. மகள் கூரையைப் பார்த்தாள்.

"அப்படின்னா வேற எழுதட்டுமாம்மா? தாள் இன்னும் மூணு இருக்கு."

"வேணாம், வேணாம். மணி மூணே முக்கால்." எழுத்தர் அம்மா இன்னொரு தடவை கடிதத்தைப் பார்த்தார். "கேட்டா கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்." முத்திரையை எடுத்து மையில் அமுக்கி ஓங்கிக் குத்தினார். "அஞ்சு மணிக்குள்ள அதிகாரி கையெழுத்தாயிடும். தகவல் போன்ல வரும். எந்த நம்பருக்கு அனுப்பணும்? இப்போ இருக்கிறது உங்க நம்பர்."

"என் நம்பரும், அவ நம்பரும்…"

"ஒரு நம்பர்தான்."

"ஒண்ணு எதுக்கும் ஒரு…"

"ஐயா. ஒண்ணுதான்."

வரிசையில் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். டைல்ஸ்காரர் ஜன்னல் விளிம்பைத் தேய்த்தார். மூன்று வருஷமாக எந்தக் கடிதாசும் எந்தத் தகவலும் முதலில் அவர் கைக்கு வந்து, அவர் எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகுதான் மகளுக்குப் போகும்.

"அவ நம்பரையே போடுங்க" என்றார்.

*

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எதிர்க்கடையில் வாங்கிய பன்னை இருவரும் தின்றார்கள். மகள் ஜன்னலோரம். டைல்ஸ்காரர் இரண்டு பையையும் மடியில் வைத்து, வலிக்கிற முழங்கால்களை நடைவழிப் பக்கம் நீட்டியிருந்தார். ஏறுகிறவர்களெல்லாம் அதை மிதித்தார்கள். யாரையும் திட்டுகிற தெம்பு அவரிடம் இல்லை.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மகளின் கைப்பைக்குள் 'டிங்' என்றது.

அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. மகள் போனை எடுத்தாள். பார்த்தாள். திரையை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரு நிறுத்தம் போனது. ஒரு கூட்டம் இறங்கியது, ஒரு கூட்டம் ஏறியது. டைல்ஸ்காரர் தொண்டையைக் கனைத்தார். முன்சீட்டுக்காரரின் காலரில் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்தார். இரண்டாவது நிறுத்தமும் போனது. கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவருக்குத் தாடை வலித்தது.

"ரத்தாயிடுச்சாம்" என்றாள் மகள், ஜன்னலைப் பார்த்தபடியே. "முதல் விண்ணப்பம் தகுதிப் பட்டியலுக்குப் போயிடுச்சு."

"போயிடுச்சா?"

"ம்."

"அப்படியேவா போட்டிருக்கான்? எந்தக் காலேஜ்னு எழுதியிருக்கானா? எங்கே, குடு, பார்ப்போம்."

மகள் போனைக் கொடுக்கவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் இன்னும் முழுசாகத்தான் இருந்தது.

"சொன்னேன்ல?" என்றாள்.

சொன்னாள்தான். டைல்ஸ்காரர் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.